புதுப்பிப்பு: செர்மாட் பயணம் மார்ச்சுக்கு மாறியது

பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் நால்வரும் டிசம்பர் இறுதியில் பனிச்சறுக்குப் பழக சுவிட்சர்லாந்தின் செர்மாட்டுக்குப் போகலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். கிறிஸ்துமஸ் காலத்தில் அறை வாடகை உச்சத்தில் இருக்கும், பகலும் குறுகியது என்று நீங்கள் எச்சரித்தது சரியாகப் பட்டதால், மார்ச்சுக்கு மாற்றிவிட்டோம்.

ஊர் சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருந்தாலும், ரோப் கார் 3,883 மீட்டர் வரை ஏற்றிச் செல்கிறது. தாமிரபரணிக் கரைச் சமவெளியிலேயே வளர்ந்த எங்களுக்கு அந்த உயரத்தில் தலைவலியும் மூச்சிரைப்பும் வரக்கூடும் என்பதால், முதல் மூன்று நாட்களையும் அதைவிடத் தாழ்வான சுன்னெக்கா பகுதியில் உள்ள தொடக்கநிலைச் சரிவில் பயிற்சியாளருடன் கழிக்கவே முடிவு செய்துள்ளோம். பெட்ரோல் கார்களுக்கு ஊருக்குள் அனுமதி இல்லை, அதனால் பக்கத்து ஊரான டேஷிலிருந்து ரயிலில் போவோம்.

சுவிட்சர்லாந்து உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். நான் முதலில் தேர்ந்தெடுத்த பாலிசியின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், பனிச்சறுக்கு விபத்துகளுக்கு இழப்பீடு இல்லை என்றிருந்தது. தயவுசெய்து அந்தப் பக்கத்தைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

மதினி டவுனில் ஆசையாக வாங்கி வந்த பருத்திப் பனியன்களை வீட்டிலேயே விட்டுச் செல்கிறோம். பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து உடலைக் குளிரச் செய்யும் என்பதால், உள்ளாடைக்குக் கம்பளியே எடுத்துச் செல்கிறோம்.