கண்மாய்க் கரையில் மாட்டு ஈ: சாணத்தை அள்ளியும் குறையவில்லையே?

கேள்வி (தேவகோட்டைப் பக்கம்):
கண்மாய் ஓரம் மேயும் மாடுகளைப் பெரிய ஈ கடிக்கிறது. வீட்டு ஈயைவிட இரண்டு மடங்கு இருக்கும், முதுகில் வெளிறிய கோடு. கடித்த இடத்தில் ரத்தம் வழிகிறது. கறுப்பு மாட்டைத்தான் அதிகம் மொய்க்கிறது. தொழுவத்தில் தினமும் சாணம் அள்ளுகிறோம், குறையவில்லை. எங்கேதான் பெருகுகிறது?

பதில் 1:
அண்ணே, இது சாணத்தில் பிறக்கிற ஈ இல்லை. டபானஸ் வகை, நம் நாட்டில் பரவலாக உள்ள டபானஸ் ஸ்ட்ரையேட்டஸாக இருக்கலாம். கடிப்பது பெண் ஈ மட்டும், ஆண் பூந்தேன் குடிக்கும். கண்ணைப் பாருங்கள்: இரு கண்ணும் ஒட்டியிருந்தால் ஆண், நடுவில் இடைவெளி இருந்தால் பெண்.

தண்ணீர்மேல் சாய்ந்த கோரை, சம்பு இலைகளில் நூற்றுக்கணக்கில் ஒரே குவியலாக முட்டையிடும். இட்டவுடன் வெள்ளை, பிறகு கருக்கும். ஒரு வாரத்துக்குள் பொரித்து, புழு சேற்றில் விழும். அங்கே மண்புழுவையும் மற்ற புழுக்களையும் தின்று வளரும். நடவுக்கு இறங்குகிறவர் காலையும் கடிக்கும். கூடு கட்டும்போது ஈரம் குறைந்த மண்ணுக்கு ஏறிவிடும்.

மாடு தண்ணீர் குடிக்கும் துறைப்பக்கம் அந்த இலைகளை அறுத்து எரியுங்கள். குவியல்மேல் கடுகளவுகூட இல்லாத கறுப்புக் குளவி நடமாடினால் மட்டும் விட்டுவிடுங்கள், முட்டையை அழிப்பதே அதுதான். தண்ணீரில் மருந்து ஊற்றவே கூடாது.

பதில் 2:
கறுப்பைத் தேடி வருவதற்குக் காரணம் உண்டு. தண்ணீரைப் போலவே பளபளக்கும் கருந்தோலும் ஒளியை, அதன் அலைகள் ஒரே வாட்டமாக அதிரும்படி திருப்பி அனுப்பும். அந்த ஒளிதான் இதை இழுக்கிறது. அதை வைத்தே பொறி செய்யலாம். பெரிய ரப்பர் பந்துக்குப் பளபளப்பான கறுப்பு பெயின்ட் அடித்து நல்ல வெயிலில் தொங்கவிடுங்கள். மேலே வெள்ளைத் துணியைக் கூம்பாகக் கட்டி, உச்சியில் கண்ணாடி போன்ற பாட்டிலைக் கவிழ்த்துவையுங்கள். பந்தில் உட்கார்ந்த ஈ கிளம்பும்போது வெளிச்சத்தை நோக்கி மேலேதான் போகும். பலர் தவறுவது இரண்டு இடத்தில்: நிழலில் கட்டுவது, பந்தில் செம்மண் தூசி படிய விடுவது. தினமும் துடைக்க வேண்டும்.

இருட்டான கொட்டகைக்குள் இது பெரும்பாலும் நுழையாது. உச்சி வெயிலில் மாட்டை உள்ளே கட்டினாலே கடி நன்றாகக் குறையும்.

பதில் 3:
கடியைவிட சர்ரா நோயைத்தான் பயப்பட வேண்டும். வலி தாங்காமல் மாடு உதறும்; அரைகுறையாகக் குடித்த ஈ உடனே பக்கத்து மாட்டுக்குத் தாவி, வாயில் ஒட்டிய ரத்தத்தோடு ட்ரிப்பனோசோமா கிருமியைக் கொண்டுபோகும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், பால் குறைவு, மெலிவு, கால்வீக்கம், சில மாடு வட்டமடிப்பது இவையெல்லாம் அறிகுறி. அப்படி ஒரு மாடு இருந்தால் மற்றவற்றிலிருந்து 50 மீட்டராவது தள்ளிக் கட்டுங்கள். காய்ச்சல் ஏறியிருக்கும் நேரத்திலேயே கால்நடை மருத்துவரிடம் ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். இறங்கிய பிறகு எடுத்தால் கிருமி கண்ணில் படாமல் போகும்.