'எலும்பிணைவு' என்ற ஒரு சொல் போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மண்டையோட்டில் பதிக்கும் டைட்டானியத் திருகாணி எலும்பில் நிலைத்து நிற்பதை 'எலும்பிணைவு' என்ற ஒரே சொல்லால் குறிக்கலாம் என்ற முன்மொழிவைப் படித்தேன். சொல் எளியது, செவிக்கும் இனியது. ஆயினும் அது இருவேறு நிகழ்வுகளை ஒன்றாக்கிவிடுவதால் என்னால் அதை ஏற்க இயலவில்லை.

கேள்விக் குறைபாடு உடையோருக்காக 1977இல் சுவீடனின் கோதன்பர்க் நகரில் தொடங்கிய சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். காதுக்குப் பின்னுள்ள எலும்பில் 3 அல்லது 4 மில்லிமீட்டர் நீளமே உள்ள திருகாணியைப் பதித்து, அதன் வழியே ஒலியதிர்வை உட்செவிக்குச் செலுத்துகிறார்கள். அறுவை நாளன்று அதைத் தாங்குவன புரிகளின் அழுத்தமும் உராய்வும் மட்டுமே. வாரங்கள் செல்லச் செல்லத்தான் புதிய எலும்பு டைட்டானியப் பரப்பை ஒட்டி வளர்ந்து அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்கிறது. இடைப்பட்ட காலத்தில் இரண்டுக்கும் நடுவே உள்ள அசைவு ஏறத்தாழ 150 மைக்ரோமீட்டரைத் தாண்டினால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்து திருகாணி தளர்ந்துவிடக்கூடும்.

எலும்பையும் திருகாணியையும் ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பகுத்துக் கணிக்கும் முடிவுறு கூறு முறையில், இந்த வேறுபாடு தொடுபரப்புக்கு நாம் விதிக்கும் நிபந்தனையில்தான் வெளிப்படுகிறது. முதல் நாளுக்குரிய கணினி மாதிரியில் உராய்வோடு வழுக்க இடம்தர வேண்டும். எலும்பு வளர்ந்து சேர்ந்தபின் இரு பரப்புகளையும் ஒட்டியவையாகக் கொள்ளலாம். முதல் நாள் மாதிரியையே ஒட்டியதாக அமைத்துவிட்டால், எந்த அசைவை அளக்கப் புகுந்தோமோ அது விடையில் சுழியாகவே வரும். இரண்டையும் 'இணைவு' என்று எழுதினால், எந்த மாதிரியைச் சொல்கிறோம் என்பது படிப்பவருக்கு விளங்காது.

இரண்டாம் நிலைக்கு 'எலும்பொன்றல்' என்பதை முன்மொழிகிறேன்; திருகி இணைத்ததைப் பிரித்தெடுக்கலாம், ஒன்றியதை அப்படிப் பிரிக்க முடியாது. முதல் நிலைக்கு 'முதற்பிடிப்பு' என்று எண்ணியிருந்தேன். மரை தேய்ந்தால் தச்சர்கள் 'திருகாணி பிடிக்கவில்லை' என்றுதானே சொல்கிறார்கள்? ஆனால் மண்டையோட்டில் எலும்பு இழந்த இடத்தை மூடப் பீக் என்னும் நெகிழியில் செய்த தகடு எலும்போடு எளிதில் ஒன்றுவதில்லை. அதைக் கடைசிவரை திருகாணிகளும் சிறு தகடுகளுமே தாங்குகின்றன. இரண்டாவது பிடிப்பே இல்லாத இடத்தில் 'முதல்' என்பது பொருந்தாது. தனியே 'பிடிப்பு' என்றாலோ நோயாளிக்கு முதுகுப்பிடிப்புதான் நினைவுக்கு வரும். ஆகவே 'திருகாணிப்பிடிப்பு' என்பதே தக்கது என இப்போது கருதுகிறேன்.

மேலே சொன்ன அசைவைக் குறிக்கும் 'நுண்ணசைவு' என்ற சொல் பற்றி ஒன்று. கேட்புக்கருவி அதிரும்போது எலும்பும் திருகாணியும் சேர்ந்தே நுண்ணளவில் அசைகின்றன, அதனால் கேடில்லை. ஒன்றைவிட்டு மற்றொன்று நகர்வதே கேடு. அதற்கு 'இடைநகர்வு' பொருந்துமா? பரப்பை ஒட்டி வழுக்குவதையும் பரப்பைவிட்டு விலகுவதையும் அதே சொல் தாங்குமா, அல்லது தனித்தனிச் சொற்கள் வேண்டுமா என்பதில் உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.