நிஸ்வாவா, பஹ்லாவா? மஸ்கட்டிலிருந்து ஒரே நாளில் எந்தக் கோட்டை

பயணப்பை:
கையில் ஒரே நாள், வாடகைக் கார். காலையில் மஸ்கட்டில் கிளம்பி இரவுக்குள் திரும்ப வேண்டும். ஓமானின் நிஸ்வா, பஹ்லா, ஜப்ரீன் கோட்டைகள் மூன்றும் முடியுமா?

கோட்டைவாசல்:
பஹ்லாவைக் கழற்றிவிடுங்கள். நிஸ்வா போக ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அங்கே பார்க்க வேண்டியது 17ஆம் நூற்றாண்டில், அப்போது ஓமானை ஆண்ட இமாம் சுல்தான் பின் சைஃப் கட்டிய வட்டக் கோபுரம். பாதி உயரம் வரை உள்ளே மண்ணும் கல்லும் அடைத்திருக்கிறார்கள், பீரங்கிக் குண்டு பட்டாலும் சரியாது. மேலே போகும் படிக்கட்டு வளைந்து வளைந்து போகும், வழியெல்லாம் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் மேலே ஒரு இடுக்கு இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். கொதிக்கும் பேரீச்சம்பாகை எதிரி தலையில் ஊற்றிய வழி அதுதான். பாகு வந்த இடமும் கோட்டைக்குள்ளேயே உண்டு: வாய்க்கால் வெட்டிய தரையில் பேரீச்சம்பழ மூட்டைகளை அடுக்கினால், அடி மூட்டை நசுங்கிப் பாகு வடியும். பஹ்லாவில் இதெல்லாம் ஏது? வெறும் அறைகள்.

மண்சுவர்:
வெறும் அறையா? ஓமானிலிருந்து முதன்முதலில், 1987இல், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலுக்குப் போனதே பஹ்லாதான், நிஸ்வா இல்லை. மண் கட்டடம் என்பதால் மழைக்கு மழை கரைந்தது. 1988இல் அழியும் ஆபத்தில் உள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்து, 2004இல்தான் எடுத்தார்கள். பொதுமக்களை உள்ளே விட 2012 ஆகிவிட்டது. ஊரைச் சுற்றி 12 கிலோமீட்டருக்கு மண்மதில் ஓடுகிறது, அதற்குள்ளேயே பேரீச்சந்தோப்பும் பாசனமும். நிஸ்வா பளபளவென்று இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். கொஞ்சம் அதிகமாகவே.

கோட்டைவாசல்:
பட்டியலில் இருப்பது வேறு, பார்க்கிறவனுக்குப் புரிவது வேறு. பஹ்லாவுக்குள் எது என்ன அறை என்று சொல்ல ஆள் வேண்டும். அந்த நேரத்தை ஜப்ரீனுக்குக் கொடுங்கள், பஹ்லாவிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட வராது. இமாம் பில்அரப் 1670களில் கட்டிய மாளிகை, அவர் கல்லறையும் அங்கேயே. கூரை மரங்களில் பூவேலை இன்னும் நிறத்தோடு இருக்கிறது. சூரிய சந்திர மண்டபத்தில் ஜன்னல்கள் மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை. சூடான காற்று மேலே வெளியேற, கீழே குளிர்ந்த காற்று நுழையும்.

மண்சுவர்:
ஜப்ரீனைப் பற்றி எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் நிஸ்வாவிலிருந்து பஹ்லா 40 கிலோமீட்டர், ஜப்ரீனுக்கு அந்த வழியாகத்தான் போவீர்கள். சாலையோரம் நிறுத்தி வெளியிலிருந்து பார்க்கவே அரைமணி போதும். காலைச் சாய்ந்த வெயிலில் மதிலின் மடிப்பெல்லாம் தெரியும், உச்சிவெயிலில் எல்லாம் ஒரே வெளுப்பு.

கீரன்:
நடுவில் வருகிறேன். தமிழர்கள் கேட்கிற திரியில் ஸும்ஹுரம் பேரே வரவில்லையே? சலாலாவுக்குக் கிழக்கே, கோர் ரோரி உப்பங்கழி மேல் சாம்பிராணி ஏற்றிய துறைமுகம். அங்கே கிடைத்த பானையோட்டில் தமிழ் பிராமியில் ‘ணந்தை கீரன்’ என்ற பெயர். கி.பி. முதல் நூற்றாண்டு.

கோட்டைவாசல்:
நல்ல இடம்தான் ஐயா, ஆனால் மஸ்கட்டிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர். இவர் கேட்பது ஒரு நாள்!

பயணப்பை:
வெள்ளிக்கிழமை போனால் நிஸ்வா ஆட்டுச்சந்தையும் கிடைக்குமே?

மண்சுவர்:
கிடைக்கும், விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். ஆனால் தொழுகைக்காகக் கோட்டைகள் நண்பகலை ஒட்டி மூடும், ஜப்ரீன் கைவிட்டுப் போகலாம். சந்தை வேண்டுமென்றால் வியாழன் இரவே நிஸ்வாவில் தங்குங்கள். கோட்டைதான் முக்கியம் என்றால் வேறு கிழமை பாருங்கள்.