போன் கண்ணாடியா, லப்டொப் கண்ணாடியா?

உப்புவெளியான்: நாசாவின் நியூஸ்டார் எக்ஸ் கதிர் தொலைநோக்கியில் இருப்பது போன் கண்ணாடி என்று இங்கே ஒரு ரியூசன் வகுப்பில் படிப்பிக்கிறார்களாம். நாள் முழுக்கப் போன் கண்ணாடி மாற்றுகிறவன் சொல்கிறேன், அது லப்டொப் திரையில் வருகிற மாதிரிக் கண்ணாடி. தடிப்பு 0.2 மில்லிமீற்றர்தான்.

நிலாவெளி சேர்: அந்த ரியூசன் சேர் நான்தான். பிள்ளைகளுக்கு விளங்கச் சொன்னது ஐசே. எக்ஸ் கதிர் நேரே பட்டால் கண்ணாடிக்குள் போய்விடும், உரசிக்கொண்டு போனால்தான் தெறிக்கும். அதனால் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்க வேண்டும், தடித்தால் கதிருக்கு வழியில்லை. 1999இல் விண்ணுக்குப் போன நாசாவின் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியில் கண்ணாடி 2 சென்ரிமீற்றர் அளவு தடிப்பு, அடுக்கு நான்குதான். 2012இல் போன நியூஸ்டாரில் ஒரு கண்ணாடித் தொகுதிக்கு 133 அடுக்கு.

உப்புவெளியான்: 133 சரி. போனா, லப்டொப்பா?

திருமலைக் குமரன்: சந்திராவைக் குறைத்துக் கதைக்க வேண்டாம். அதன் கூர்மை அரை ஆர்க் செக்கன், உங்கள் மெல்லிசுக் கண்ணாடிக்குக் கிட்டத்தட்ட ஒரு ஆர்க் நிமிடம். ஆர்க் நிமிடம் என்றால் பாகையில் 60இல் ஒரு பங்கு, ஆர்க் செக்கன் அதிலும் 60இல் ஒரு பங்கு, குறைந்தால்தான் கூர்மை. பாரத்தைக் குறைக்கப் போய்ப் பார்வையைக் கெடுத்த கதை.

நிலாவெளி சேர்: சந்திரா பார்க்கும் கதிரின் சக்தி 10 கிலோ இலத்திரன்வோல்ற்றோடு நின்றுவிடும் தம்பி, நியூஸ்டார் 79 வரை போகும்.

உப்புவெளியான்: கேட்டதற்கு இன்னும் பதிலில்லை. நாசாவின் கொடார்ட் நிலையத்தில் தட்டைக் கண்ணாடியைக் குவார்ட்ஸ் அச்சின் மேல் வைத்துச் சூளையில் ஏற்றினார்கள், 600 பாகை அளவில் அது இளகித் தன் பாரத்திலேயே வளைந்து அச்சோடு படிந்தது, ஒருவரும் கை வைத்து அழுத்தவில்லை. போனின் மேல்கண்ணாடியை அப்படிச் சூடாக்கினால் அதற்கு ஏற்றிய உறுதியே போய்விடும். அப்புறம் எப்படி அது போன் கண்ணாடி? வளைத்ததைக் கிராபைட் துண்டு வைத்து எபொக்சியால் ஒட்டினார்கள், அதையாவது வகுப்பில் சொன்னீர்களா?

திருமலைக் குமரன்: ஒட்டுகிற கதை நீங்கள் கதைக்கலாமா அண்ணை? நீங்கள் மாற்றித் தந்த திரை இரண்டு கிழமையில் ஓரம் கிளம்பிவிட்டது.

உப்புவெளியான்: போனோடு கடலுக்குள் இறங்கினால் கிளம்பாமல் என்ன செய்யும்? பாக்கிக் காசை முதலில் தாரும்.

திருமலைக் குமரன்: திரை ஒட்டட்டும், தருகிறேன்.

நிலாவெளி சேர்: கடைக் கணக்கைக் கடையில் பாருங்கள். கொடார்ட் ஆட்களே கண்ணாடியை விட்டு ஒற்றைப் பளிங்குச் சிலிக்கனுக்குப் போய்விட்டார்கள், நீங்கள் இன்னும் போனில் நிற்கிறீர்கள்.

உப்புவெளியான்: சிலிக்கனும் போனுக்குள் இருக்கிறதுதானே, அடுத்த வகுப்பில் அதையும் போன் என்று சொல்லுங்கள் சேர். லப்டொப் என்று திருத்தும்வரை விடமாட்டேன்.