பைட்டர் மீன் மாலையில் ஓயாமல் செவுளை விரித்துக்கொண்டு அலைகிறது: நோயா, குணமா?

வைகைக்கரை:

வணக்கம். இரண்டு மாதங்களுக்கு முன் சிவப்பு நிற ஆண் பீட்டா (பைட்டர் மீன்) ஒன்றை வாங்கி, ஏறத்தாழ 15 லிட்டர் கொள்ளும் தொட்டியில் வளர்த்து வருகிறேன். முதல் சில வாரங்கள் அமைதியாக இருந்த மீன், இப்போது மாலையில் தொட்டி விளக்கைப் போட்டதும் செவுளை விரித்துக்கொண்டு முன்பக்கக் கண்ணாடியை ஒட்டி ஓயாமல் மேலும் கீழும் அலைகிறது. உணவு போடப் போனால் விரலைக் கொத்துகிறது. துணைக்கு இருக்கட்டும் என்று விட்ட இரண்டு கப்பி மீன்களில் ஒன்று மறுநாள் காலையில் வால் கிழிந்து இறந்து கிடந்தது; மற்றதை எடுத்து வேறு பாத்திரத்தில் விட்டுவிட்டேன். இதற்கிடையில் நீரின் மேல் ஒரு மூலையில் அடிக்கடி நுரை சேர்கிறது. அழுக்கு என்று எண்ணி அதைத் தினமும் வலையால் அள்ளி எறிகிறேன். முகம் பார்க்கும் கண்ணாடியைத் தினமும் அரை மணி நேரம் காட்டினால் கோபம் தணியும் என்று மீன் விற்றவர் சொன்னதையும் செய்து பார்த்துவிட்டேன், பயனில்லை. இது நோயா, பிறவிக் குணமா, அல்லது என் தவறா?

பாசிக்குளம்:

குணம் பிறவியில் வந்ததுதான். ஆனால், அது இப்படி ஓயாமல் வெளிப்படுவதற்குத் தொட்டி அமைந்திருக்கும் விதமே காரணம் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் தோன்றியது.

இம்மீனின் தாயகம் தாய்லாந்து. அங்கே நெல்வயல்களிலும் புல் மண்டிய ஆழமற்ற நீர்நிலைகளிலும் ஒவ்வோர் ஆணும் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னோர் ஆண் அங்கே நுழைந்தால் செவுள் மூடிகளை விரித்து, அவற்றின் கீழுள்ள சவ்வைத் தாடிபோல் தொங்கவிட்டு, தன்னைப் பெரிதாகக் காட்டி விரட்டும். தாய் மொழியில் இதற்கு வழங்கும் 'ப்ளா கட்' என்ற பெயருக்குக் கடிக்கும் மீன் என்பதே பொருள். மனிதர்கள் சண்டைக்கென்றே இதைப் பல நூற்றாண்டுகளாகத் தேர்ந்து பெருக்கியதால், காட்டு மீன் சிறிது நேரத்தில் முடித்துக்கொள்ளும் சண்டையை வளர்ப்பு மீன் விடாமல் இழுத்துக்கொண்டு போகும். காட்டில் தோற்ற மீனுக்கு ஓட இடம் உண்டு. 15 லிட்டரில் அது கிடையாது. உங்கள் கப்பி இறந்ததும் இதனால்தான். வண்ணமும் அகன்ற வாலும் கொண்ட ஆண் கப்பியைப் பீட்டா இன்னொரு பீட்டாவாகவே எண்ணித் தாக்குவது அடிக்கடி நடப்பதுதான்.

மாலையில் மட்டும் கண்ணாடியோடு மல்லுக்கட்டுவதுதான் உங்கள் கேள்விக்கான திறவுகோல். அறை இருட்டாகவும் தொட்டிக்குள் வெளிச்சமாகவும் இருக்கும்போது உட்புறத்திலிருந்து பார்க்கும் மீனுக்குக் கண்ணாடி முழுவதும் அதன் உருவமே தெரியும். எவ்வளவு விரட்டினாலும் பின்வாங்காத அந்த எதிரியோடு அது மணிக்கணக்கில் போராடிக் களைத்துப்போகிறது. தொட்டி விளக்கு எரியும்போது அறை விளக்கும் எரியட்டும். பின்புறமும் பக்கங்களும் பளபளப்பில்லாத கறுப்புத் தாளால் வெளியிலிருந்து மறைக்கப்பட்டால் நல்லது. உள்ளே செடிகளை அடர்த்தியாக வைத்து, மீன் பார்வையிலிருந்து ஒதுங்க ஓர் இடம் கொடுங்கள்.

அந்த நுரை அழுக்கில்லை, ஐயா. ஆண் மீன் வாயால் காற்றை இழுத்து, எச்சில் பூசிய குமிழ்களாக விட்டுக் கட்டும் கூடு அது. பெண் இடும் முட்டைகளை ஆண்தான் வாயில் பொறுக்கி அதில் வைத்துக் காவல் காக்கும். பெண் இல்லாவிட்டாலும் கூடு கட்டும். அதைத் தினமும் கலைக்கும் கை எதுவோ, அந்தக் கையைத்தான் அது கொத்துகிறது.

கொளத்தூர்வாசி:

முந்தைய பதிலோடு பெரும்பாலும் ஒத்துப்போகிறேன். கண்ணாடி காட்டுவதைப் பற்றி மட்டும் சில சொற்கள். இரண்டொரு நிமிடம் காட்டித் துடுப்புகள் ஒழுங்காக விரிகின்றனவா என்று பார்ப்பதில் கேடில்லை. நானும் வாரத்துக்கு ஒருமுறை அப்படிப் பார்ப்பதுண்டு. அரை மணி நேரம் என்பது கோபத்தைத் தணிக்கும் வழியே இல்லை. அது மீனைச் சோர்வடையவைத்துவிட்டு நாம் அதை அமைதி என்று எண்ணிக்கொள்வது.

வாலையும் கவனியுங்கள். நீண்ட துடுப்புள்ள இரகங்கள், பதற்றம் மிகும்போது தம் வாலைத் தாமே கடித்துக்கொள்வதுண்டு. ஒரே இரவில் கவ்வி எடுத்ததுபோல் பள்ளம் விழுந்திருந்தால் அது கடி. ஓரம் நாளுக்கு நாள் கருத்தோ சிவந்தோ நைந்துகொண்டே போனால் துடுப்பழுகல் என்று ஐயப்பட்டு, முதலில் நீரைச் சீர்செய்ய வேண்டும். வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். குழாய் நீராக இருந்தால் குளோரின் நீக்கியைக் கலக்காமல் ஊற்றாதீர்கள். வெப்பம் 25 முதல் 28 டிகிரி வரை இருந்தால் போதும்.

வைகைக்கரை:

இருவருக்கும் நன்றி. நேற்று அறை விளக்கைப் போட்டுவிட்டுத் தொட்டி விளக்கைப் போட்டேன். இரண்டு முறை செவுளை விரித்ததோடு நிறுத்திக்கொண்டது. நுரைக்கூட்டையும் தொடவில்லை. இப்போது வேறொரு சந்தேகம்: கூடு கட்டுகிறது என்றால் ஒரு பெண் மீனைக் கொண்டுவந்து விடலாமா?

பாசிக்குளம்:

அந்தத் தொட்டியில் வேண்டாம். பெண் முட்டையிட்டு முடிந்ததும் ஆண் அதைக் கூட்டின் அருகே வரவிடாமல் விரட்டும். ஒதுங்க இடமில்லாவிட்டால் கப்பிக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும். இனப்பெருக்கம் செய்ய விரும்பினால் தனித் தொட்டி, பெண்ணை முதலில் கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து ஆணுக்குக் காட்டுவது, முட்டையிட்ட உடனே பெண்ணை வெளியே எடுப்பது, பிறகு நூற்றுக்கணக்கில் பிறக்கக்கூடிய குஞ்சுகளுக்கு உயிருணவு தேடுவது, வளர்ந்த ஆண்களை ஒவ்வொன்றாகத் தனித்தனி பாட்டிலில் பிரிப்பது என்று வேலை நீளும். அத்தனை பாட்டில்களுக்கும் வீட்டில் இடம் உண்டா என்பதை முதலில் வீட்டாரிடம் கேட்டுவிடுங்கள்.