பழைய 80 சீரிஸ் லேண்ட் க்ரூஸர்: டர்போ முதலிலா, டயர் முதலிலா?

செம்மண்:
வணக்கம் நண்பர்களே. வண்டி 1994 லேண்ட் க்ரூஸர் 80. 4.2 லிட்டர் 1எச்இசட் டீசல், டர்போ கிடையாது. 5 ஸ்பீடு மேனுவல், முன் ஹப்பை (சக்கர மையத்தை) கையால் பூட்டும் பார்ட்-டைம் ஃபோர் வீல், அதாவது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும். டயர் 275/70 ஆர்16. செங்குத்தான ஏற்றத்திலும் மணலிலும் இழுவை போதவில்லை. டர்போ கிட், 50 மி.மீ. லிஃப்ட் (ஸ்பிரிங் மாற்றி வண்டியை உயர்த்துவது), 315/75 ஆர்16 டயர் மூன்றும் போட யோசனை. நெடுஞ்சாலையிலும் ஓட வேண்டிய வண்டி. எந்த வரிசையில் செய்வது? இந்த இன்ஜின் எவ்வளவு பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) தாங்கும்? லிஃப்ட் செய்தால் ஸ்டியரிங் அலையும் என்கிறார்களே, ஏன்?

லோரேஞ்ச்:
டயரிலிருந்து தொடங்குங்கள், மற்ற கணக்கெல்லாம் அதன் பின்னால்தான் வரும். உங்கள் 275/70-இன் விட்டம் சுமார் 791 மி.மீ. 315/75 என்றால் 879 மி.மீ., அதாவது 11 சதவீதம் பெரியது. டிஃபரன்ஷியல் விகிதம் (சக்கரம் ஒருமுறை சுற்ற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது) 4.1 என்றால், அந்த டயர் ஏறியதும் 3.7 விகிதம் போட்ட வண்டி போலத்தான் இழுக்கும். இழுவை போதவில்லை என்று சொல்லிக்கொண்டே, இருக்கிற இழுவையிலும் பத்தில் ஒரு பங்கை டயருக்குக் கொடுக்கிறீர்கள். 1எச்இசட் தருவதே சுமார் 285 நியூட்டன் மீட்டர், அதுவும் 2200 ஆர்பிஎம் பக்கத்தில். ஐந்தாம் கியர் ஏற்றத்தில் பயன்படாமல் போய்விடும்.

285/75 ஆர்16 போடுங்கள். விட்டம் 834 மி.மீ., 5 சதவீதம்தான் கூடுதல். டிஃபரன்ஷியலுக்கு அடியில் 21 மி.மீ. இடைவெளி கூடும். 315/75-இல் அது 44 மி.மீ. இங்கே ஒன்றை மறக்கக் கூடாது: இந்த வண்டிக்கு முன்னும் பின்னும் திட அச்சு, டிஃபரன்ஷியல் அந்த அச்சிலேயே இருக்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் டிஃபரன்ஷியல் ஒரு மில்லிமீட்டர்கூட மேலே வராது. அதை உயர்த்துவது டயர் மட்டுமே.

35 இஞ்ச் டயர்தான் (அந்த 315/75) வேண்டும் என்றால் 4.56 விகிதக் கிரவுன்-பினியன் (டிஃபரன்ஷியலின் பல்சக்கர ஜோடி) மாற்றினால் பழைய இழுவைக்குத் திரும்பலாம், மலையும் மணலும் அதிகம் என்றால் 4.88. முன்னும் பின்னும் ஒரே விகிதம் கட்டாயம். மாறியிருந்தால் ஃபோர் வீல் போட்ட உடனே டிரான்ஸ்ஃபர் கேஸ் முறுகிக்கொள்ளும். லாக்கர் (ஒரு அச்சின் இரு சக்கரங்களையும் சேர்த்துச் சுழலப் பூட்டும் கருவி) போடும் எண்ணம் இருந்தால் அதே வேலையோடு முடித்துவிடுங்கள், டிஃபரன்ஷியலைத் திறக்கும் கூலி ஒரே தடவையோடு போகும். பின் லாக்கர் முதலில். முன்பக்கம் 8 இஞ்ச் ஹை-பினியன் (பினியன் மேல்பக்கமாக அமைந்த) டிஃபரன்ஷியல். ரிவர்ஸில் பல்லின் பலவீனமான பக்கம்தான் சுமை தாங்கும். முன் லாக்கரைப் பூட்டிக்கொண்டு ரிவர்ஸில் முறுக்கினால் பல் உடையலாம்.

இப்போதிருக்கும் விகிதம் தெரியாவிட்டால்: பின் சக்கரம் இரண்டையும் தூக்கி, நியூட்ரலில் வைத்து, ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கைதான் விகிதம். இது லாக்கர், எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப், சக்கர வழுக்கலைக் குறைக்கும் வகை) இல்லாத சாதாரண டிஃபரன்ஷியலுக்கு.

ஆறுசிலிண்டர்:
டர்போ பற்றிச் சொல்கிறேன். 1எச்இசட்டுக்கு எதிரி பூஸ்ட் அல்ல, வெப்பம். இது இன்டைரக்ட் இன்ஜெக்ஷன். எரிபொருள் ஹெட்டில் உள்ள முன்-அறையில் பற்றி, குறுகிய வாய் வழியாகப் பிஸ்டன் மேல் பாய்கிறது. வெப்பம் முழுக்க ஹெட்டில் அந்த இடத்தைச் சுற்றியே குவியும். அளவு மீறினால் வால்வுகளுக்கு இடையில் விரிசல். கம்ப்ரஷன் விகிதமும் 22-க்கு மேல். அதனால் 7 அல்லது 8 பிஎஸ்ஐ, அதோடு நிறுத்துங்கள். ஆரோக்கியமான இன்ஜினில் அதுவே நல்ல வித்தியாசம் தரும்.

டர்போவுக்கு முன் பார்க்க வேண்டியவை: இன்ஜின் சூடான பிறகு, எரிபொருள் கட்-ஆஃப் சொலினாய்டின் ஒயரைக் கழற்றி, ஹீட்டர் பிளக் துளை வழியாக ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அளந்து பாருங்கள். சிலிண்டர்களுக்கு இடையே 5 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் டர்போவைத் தள்ளிப்போடுங்கள். நாசில்களை (எரிபொருள் தெளிக்கும் முனைகளை) கழற்றி பெஞ்ச்சில் சோதியுங்கள். நீர் போல ஒழுகும் ஒரு நாசில் அந்தப் பிஸ்டனை மட்டும் எரிக்கும். டைமிங் பெல்ட்டுக்கு 1,00,000 கி.மீ. ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள், அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். ரேடியேட்டர், ஃபேன் கிளட்ச், தெர்மோஸ்டாட் மூன்றையும் புதிதுக்குச் சமமான நிலைக்குக் கொண்டுவாருங்கள். காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்திலேயே ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கல் போல இறுகினால், ஹெட் அல்லது கேஸ்கெட் ஏற்கெனவே கசிகிறது.

பைரோமீட்டர் (எக்ஸாஸ்ட் வாயுவின் வெப்பத்தைக் காட்டும் மீட்டர்) இல்லாமல் டர்போ போடாதீர்கள். சென்சார் டர்போவுக்கு முன்னால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் சுமையில் 100 முதல் 150 டிகிரி வரை குறைத்துக் காட்டும். நீண்ட ஏற்றத்தில் 650 டிகிரி செல்சியஸுக்குள் வைத்திருங்கள், 700-ஐத் தொட்டால் காலை எடுத்துக் கியரைக் குறையுங்கள். டேஷ்போர்டில் உள்ள வெப்ப முள்ளை நம்ப வேண்டாம், அது நடுவிலேயே நின்றுகொண்டிருக்கும். கூலன்ட் வெப்பத்துக்குத் தனி கேஜ் போடுங்கள்.

டீசல் பம்ப்பில் ஃபுல்-லோட் ஸ்க்ரூவை (எரிபொருள் அளவைக் கூட்டும் திருகை) எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்பாதீர்கள். திருப்பியதும் ஐட்லிங் ஏறும், அதைச் சரிசெய்து, சுமையோடு ஓட்டி, மீட்டரைப் பார்த்த பிறகே அடுத்த எட்டில் ஒன்று. உங்கள் பம்ப்பில் பூஸ்ட் காம்பன்சேட்டர் (பூஸ்ட்டுக்கு ஏற்ப எரிபொருளைக் கூட்டும் அமைப்பு) கிடையாது. எனவே கூட்டிய எரிபொருள் பூஸ்ட் வருவதற்கு முன்பே இறங்கும். மிதித்ததும் கருப்புப் புகை நிற்காமல் வந்தால் வீணாகும் எரிபொருளும் வெப்பமும்தான் அது, பலம் இல்லை.

ஆயில் ரிட்டர்ன் பைப் டர்போவிலிருந்து நேராகக் கீழே இறங்கி, சம்ப்பில் ஆயில் மட்டத்துக்கு மேலே சேர வேண்டும். எங்காவது மேலே ஏறி இறங்கினால் ஆயில் தேங்கி, சீல் வழியே கசிந்து நீலப் புகை வரும். டர்போவுக்குப் பின் 3 இஞ்ச் சைலன்சர் பைப், ஆயில் மாற்றம் 5000 கி.மீ.க்கு ஒருமுறை. கிளட்ச்சையும் சோதியுங்கள்: ஐந்தாம் கியரில் மெதுவாகப் போகும்போது முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் புது கிளட்ச் தேவை.

செம்மண்:
மிக்க நன்றி. அப்படியானால் 285/75-உடன் நிறுத்திக்கொள்கிறேன். இன்டர்கூலர் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) இப்போதே போடலாமா? 15 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுபவர்களும் இருக்கிறார்களே?

ஆறுசிலிண்டர்:
8 பிஎஸ்ஐயில் இன்டர்கூலர் தரும் பலம் சிறியது, ஆனால் எக்ஸாஸ்ட் வெப்பத்தைக் குறைக்கும் என்பதால் பயன் உண்டு. ரேடியேட்டருக்கு முன்னால் வைத்தால் லோ ரேஞ்சில் (இழுவை கூடிய மெதுவான கியர் நிலையில்) ஊரும்போது ரேடியேட்டருக்குக் காற்று குறையும், அதைக் கணக்கில் எடுங்கள். 15 பிஎஸ்ஐ அளவுக்குப் பலம் வேண்டும் என்றால் 1எச்இசட்டைப் பிழியாமல் 1எச்டி-டி அல்லது 1995 முதல் வந்த 24 வால்வு 1எச்டி-எஃப்டி இன்ஜினைத் தேடுங்கள். அதே 4.2 லிட்டர், டைரக்ட் இன்ஜெக்ஷன், தொழிற்சாலையிலேயே டர்போவுக்காக வடிவமைத்தது. 1எச்டி-டி கிடைத்தால் ஏற்றும் முன்பே பிக்-எண்ட் பேரிங்கை (கனெக்டிங் ராட், கிராங்க் ஷாஃப்ட்டோடு சேரும் இடத்தில் உள்ளதை) மாற்றுங்கள், அதன் அறியப்பட்ட பலவீனம் அது.

வளைவுச்சுருள்:
ஸ்டியரிங் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. முன் அச்சை இரண்டு ரேடியஸ் ஆர்ம்கள் (அச்சைச் சேஸிஸோடு இணைக்கும் நீளக் கைகள்) பிடித்திருக்கின்றன. வண்டி உயரும்போது அவை சாய்ந்து அச்சையே முன்னோக்கிச் சுழற்றும், காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வுக் கோணம்) குறையும். 50 மி.மீ. லிஃப்ட்டுக்கு ஏறத்தாழ 2 டிகிரி போகும். திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது, வேகத்தில் வண்டி அலையும். 50 மி.மீ. வரை ஆஃப்செட் காஸ்டர் புஷ் போதும், அதற்கு மேல் டிராப் பிராக்கெட் அல்லது புது ஆர்ம். காஸ்டரைத் திருத்தும்போது பினியன் கீழ்நோக்கிச் சாய்வதால் முன் ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மோசமாகும். உங்கள் வண்டியில் ஹப் திறந்திருக்கும்போது அந்த ஷாஃப்ட் சுழலாது, எனவே சாலையில் அதிர்வு தெரியாது. ஃபுல்-டைம் வண்டிக்காரர்களுக்குத்தான் தலைவலி.

உயர்த்தியதும் அச்சு பக்கவாட்டில் நகர்ந்துவிடும், அதைச் சரிசெய்ய நீளத்தை அட்ஜஸ்ட் செய்யும் பன்ஹார்ட் ராட் (அச்சைச் சேஸிஸோடு குறுக்காக இணைக்கும் கம்பி) போடுங்கள். பிரேக் ஹோஸ்களை நீளமாக்குங்கள். பலர் விட்டுவிடுவது பின்பக்க லோடு சென்சிங் பிரேக் வால்வு. வண்டி உயர்ந்ததும் பாரமே இல்லை என்று அது முடிவு செய்து பின் பிரேக்கைக் குறைத்துவிடும். வால்வின் கம்பி பொருந்தும் பிராக்கெட்டை, லிஃப்ட் செய்த அளவுக்கு நீட்டுங்கள்.

ஸ்பிரிங்கை எப்போதும் வண்டியில் இருக்கும் பாரத்துக்கு வாங்குங்கள். இரும்பு பம்பர், வின்ச் சேர்ந்தால் முன்னால் 100 கிலோ எளிதில் ஏறும். அவை பொருத்திய பிறகே ஸ்பிரிங் தேர்வு. டிஃபரன்ஷியல் பிரீதர் (உள்காற்று வெளியேறும்) ஹோஸ்களையும் இன்ஜின் அறைக்குள் உயரத்துக்குக் கொண்டுபோங்கள், ஆற்றில் இறங்கும்போது சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரை உள்ளே உறிஞ்சும்.

மணலுக்கு இதெல்லாம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். டயர் காற்றை 15 முதல் 18 பிஎஸ்ஐக்கு இறக்கிப் பாருங்கள், இப்போது திணறும் பல இடங்களில் இதே இன்ஜின் ஏறும். 12-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். தார்ச் சாலை தொட்டதும் மறுபடி நிரப்ப ஒரு கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்கட்டும்.