ஏஎஃப்கேட்: பிளாக்க சுத்தி விட்டா எனக்குத் தலை சுத்துது

பறக்க_ஆசை:
ஃபைனல் இயர் மெக்கானிக்கல், ஏர் ஃபோர்ஸ் ஆபீசர் ஆகறதுக்கான ஏஎஃப்கேட் எக்ஸாமுக்குப் படிக்கிறேன். இங்கிலீஷ், கணக்கு ரெண்டும் ஓகே, ரீசனிங் அண்ட் மிலிட்டரி ஆப்டிட்யூட்ல ரொட்டேட்டட் பிளாக்ஸ் (திருப்பி வச்ச அதே கட்டை உருவத்தக் கண்டுபிடிக்கறது), எம்பெடட் ஃபிகர் (பெரிய படத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கற சின்ன படம்), டாட் சிச்சுவேஷன் (புள்ளி இருக்கற மாதிரியே இடம் எந்தப் படத்துல இருக்குங்கறது) வந்தா மட்டும் மாட்டிக்கிறேன். மனசுக்குள்ள பிளாக்க திருப்ப ஆரம்பிச்சா பாதியிலயே எது இடது எது வலதுன்னு மறந்துடுது, நேத்து மாக் டெஸ்ட்ல ஒரே கேள்விக்கு மூணு நிமிஷம் போச்சு. இது பிறவியிலயே வரணுமா, இல்ல பழகுனா வருமா?

ரெண்டாவது_அட்டெம்ப்ட்:
பழகுனா வரும் தம்பி. 100 கேள்வி 2 மணி நேரம், ஒண்ணுக்கு 72 செகண்ட்தான், அதுல முழு பிளாக்கையும் மனசுல தூக்கி சுத்திட்டு இருக்க முடியாது. நீளமான கையப் பிடி, மூணு கட்டை மேல போய் வலது பக்கம் ரெண்டு, அப்புறம் நம்மள பாத்து ஒண்ணுன்னு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே போ, ஆப்ஷன்லயும் அதே வரிசை வருதான்னு பாரு. கண்ணாடி பிம்பமா இருந்தா ஒரு திருப்பம் மாறிடும், அங்கதான் எல்லாரும் ஏமாறுறோம். நான் முள்ளங்கிய சதுரமா நறுக்கி பல் குத்துற குச்சில கோத்து நிஜமாவே திருப்பிப் பாத்தேன், ஒரு வாரத்துல கை தேவைப்படல. சாம்பாருக்கு வச்சிருந்த முள்ளங்கின்னு அம்மாகிட்ட வாங்குனது தனிக்கதை.

சிக்குக்கோலம்:
எம்பெடட் ஃபிகர்ல முழு படத்தையும் தேடாதீங்க, அதுல வித்தியாசமா இருக்கற ஒரு சாய்வுக் கோட்டையோ கூர்மூலையையோ மட்டும் பிடிச்சு அத தேடுங்க. டாட் கேள்விக்கு ரஃப் பேப்பர்ல "வட்டம் உள்ள, முக்கோணம் உள்ள, சதுரம் வெளிய"னு எழுதிட்டா படமே வேணாம், அப்படி ஒரு இடம் எந்த ஆப்ஷன்ல இருக்குன்னு பாத்தா போதும்.

ரெண்டாவது_அட்டெம்ப்ட்:
ஆமா, இன்னொண்ணு. சரின்னா 3, தப்புன்னா மைனஸ் 1. நாலு ஆப்ஷன்ல கண்ண மூடிட்டு அடிச்சா சராசரியா பூஜ்யம்தான். ஆனா ரெண்டு கண்ணாடி பிம்பத்த அடிச்சுத் தள்ளிட்டா மிச்ச ரெண்டுல துணிஞ்சு ஒண்ணு போடலாம், கணக்கு நம்ம பக்கம். அதுவும் முடியலன்னா விட்டுட்டு அடுத்ததுக்குப் போ, வீராப்பு வேணாம்.

பறக்க_ஆசை:
நன்றிண்ணா, நன்றி அக்கா. வீட்ல முள்ளங்கி இல்ல, உருளைக்கிழங்குல செஞ்சேன், அரை மணி நேரத்துல கறுத்துப் போச்சு. ஆனா பத்துல ஏழு சரி, நேத்து நாலுதான்.